ஸ்பீக்கரில் வந்த கடிதம்

காலை பத்து மணி நாற்பது நிமிடத்துக்குச் செய்தி வந்தது. மேலாளரின் கைப்பேசிக்குத்தான் வந்தது. அவர் எழுந்து நின்றுகொண்டே பேசினார். "எப்போ?" என்று ஒரு தடவை, "இப்போ எங்க வச்சிருக்கீங்க?" என்று ஒரு தடவை, அவ்வளவுதான். பிறகு ஜன்னலோரத்து மேசையைப் பார்த்தார். அவர் பார்த்த பிறகுதான் மற்றவர்களும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். அவள் மட்டும் எட்டே முக்காலிலிருந்தே அந்த மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோரு வருடத்தில் அங்கே உட்காரும் காது சார் எட்டே முக்காலுக்கு வராத நாட்களை எண்ண ஒரு கையின் விரல்கள் போதும். அந்த நாட்களுக்கும் முதல் நாளே சொல்லிவிட்டுத்தான் போயிருப்பார்.

"அவரோட தம்பி பேசினார். தூக்கத்துலயே உயிர் போயிருக்கு. காலையில ரூம் வாடகைக்கு விட்ட அம்மா கதவைத் தட்டிப் பாத்துட்டு ஃபோன் பண்ணியிருக்காங்க," என்றார் மேலாளர்.

அச்சு இயந்திரம் மட்டும் யாரோ அனுப்பியிருந்த நாலு தாளைத் துப்பிவிட்டு ஓய்ந்தது.

எட்டுப் பேர் வேலை செய்யும் அலுவலகம் அது. கண் தெரியாதவர்களுக்காகக் கணினித் திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்துச் சொல்லும் மென்பொருளைச் செய்தார்கள். செய்தவர்கள் ஏழு பேருக்கும் கண் தெரியும். செய்தது சரிதானா என்று சோதித்துப் பார்க்கும் எட்டாவது ஆளுக்குத் தெரியாது. முதல் நாள் மேலாளர் அவரை எல்லோருக்கும் அறிமுகம் செய்துவைத்தபோது, "சுவருக்கும் காது உண்டும்பாங்க. உங்க சுவருக்கு இல்லைபோல, அதான் என்னை வரச்சொல்லியிருக்கீங்க," என்றாராம். அன்றிலிருந்து அவர் காது சார். அவருடைய உண்மைப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

பன்னிரண்டு வயதில் ஒரு காய்ச்சலோடு கண் போயிற்று. விடுதிப் பள்ளியில் படித்தார். பிறகு ஒரு பெரிய மருத்துவமனையின் தொலைபேசிப் பலகையில் பத்தொன்பது வருடம் உட்கார்ந்தார். எந்த டாக்டர் கூப்பிடுகிறார் என்பதை அவர் வாய் திறப்பதற்கு முன்பே, மூச்சை வைத்துச் சொல்லிவிடுவாராம். நாற்பது வயதுக்கு மேல் கணினி கற்றுக்கொண்டு இங்கே வந்தார். தாய் தகப்பன் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டதால், பத்து வயது இளையவனான தம்பியை வளர்த்துப் படிக்கவைத்து, கல்யாணமும் செய்துவைத்தார். தான் மட்டும் செய்துகொள்ளவில்லை. அவள் ஒரு தடவை கேட்டபோது, "பொண்ணு பாக்கப் போகணும்னு சொன்னாங்க. நான் எப்படிம்மா பாக்கறது?" என்று சிரித்துவிட்டு, அந்தப் பேச்சை அதோடு முடித்துக்கொண்டார். சமீபகாலம்வரை தம்பி வீட்டில் கீழறை அவருடையது. தம்பியின் மகள் பெரியவள், மகன் சின்னவன். இரண்டு பேரும் "பெரியப்பா, பெரியப்பா" என்று அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கிய கதைகள் அலுவலகத்தில் எல்லோருக்கும் மனப்பாடம்.

அவள் ஆறு வருடத்துக்கு முன்னால் சேர்ந்தாள். ஒலி தொடர்பான வேலை அவள் பொறுப்பு. கணினிக்கும், சத்தம் எழுப்பும் கருவிக்கும் நடுவில் நின்று இதன் பேச்சை அதற்குப் புரியவைக்கும் சின்ன நிரலுக்கு டிரைவர் என்று பெயர். ஹெட்போனுக்கு ஒரு டிரைவர், மேசை ஸ்பீக்கருக்கு ஒன்று, கம்பியில்லாத ஸ்பீக்கருக்கு வேறொன்று. இந்த நிமிடம் எந்த டிரைவர் இயங்குகிறது, எந்தக் கருவி வழியாகப் பேச்சு வெளியே போகிறது என்று விசாரித்துச் சொல்லும் பகுதியை எழுதியது அவள். விசைப்பலகையின் மேல்வரிசையில் F12 என்றிருக்கும் பன்னிரண்டாம் விசையைத் தட்டினால் பதில் வரும். அது பேச்சைக் குறுக்கிடாமல், விசைப்பலகைக்குக் கீழே வைத்திருக்கும் பிரெய்ல் பட்டையில் புள்ளிகளாக எழும்பி விரலுக்குக் கிடைக்கும். இந்த வேலையை முடித்துக்கொடுத்ததற்காகக் காது சார் அவளுக்கு டிரைவரம்மா என்று பெயர் வைத்தார். "வண்டி ஓட்டத் தெரியாத டிரைவர் நம்ம ஆபீஸ்லதான் இருக்காங்க," என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

கண் தெரியாதவருக்கு அந்த விசை எவ்வளவு முக்கியம் என்பதை அவர்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். "நீங்க ஒரு கடுதாசியைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி பின்னாடி யாராவது நிக்கறாங்களான்னு திரும்பிப் பாப்பீங்கல்ல? எனக்குத் திரும்பிப் பாக்கறதுன்னா அந்த விசைதான்." சொந்த விஷயம் எதைத் திறப்பதற்கு முன்பும் அவர் அதைத் தட்டிப் பார்ப்பார். பட்டையில் ‘ஹெட்போன்’ என்று விரலுக்குத் தட்டுப்பட்டால்தான் திறப்பார்.

முதலில் அந்தப் பகுதி ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் டிரைவரை விசாரித்தது. அதனால் பேச்சு நடுநடுவே நின்று நின்று வந்தது. "டிரைவரம்மா, இது பேசறப்ப விக்குது. யாரோ இதை நினைச்சுக்கறாங்கபோல," என்றார். அவள் யோசித்து, நிரல் திறக்கும்போது ஒரே ஒரு தடவை விசாரித்து, கிடைத்த பதிலை எடுத்து வைத்துக்கொள்ளும்படி மாற்றினாள். விசையைத் தட்டினாலும் அந்த எடுத்துவைத்த பதிலே வரும். விக்கல் நின்றது. "தண்ணி குடுத்துட்டீங்க," என்று பாராட்டினார். நடுவில் டிரைவர் மாறினால் என்ன ஆகும் என்று அவளும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. யாருடைய மேசையில் யார் வந்து எதை மாற்றப்போகிறார்கள்?

மூன்று மாதத்துக்கு முன்பு ஒரு வாடிக்கையாளர் கூட்டம் வந்தது. மென்பொருளைக் காது சாரின் கணினியிலேயே ஓட்டிக் காட்டினார்கள். எல்லோருக்கும் கேட்கவேண்டும் என்பதற்காகக் கூட்ட அறையின் கம்பியில்லாத ஸ்பீக்கரை அவர் கணினியோடு இணைத்தார்கள். முடிந்ததும் ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் போய்விட்டார்கள். இணைப்பை நீக்க யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் மத்தியானம் மேலாளரும் அவளும் இன்னும் இரண்டு பேரும் கூட்ட அறையில் உட்கார்ந்தார்கள். மேலாளர் தன் கணினியிலிருந்து எதையோ போட்டுக்காட்ட ஸ்பீக்கரை முடுக்கினார். அது நேற்றைய உறவை மறக்கவில்லை. நேராகப் போய்க் காது சாரின் கணினியோடு ஒட்டிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் மேசை நடுவிலிருந்து, கமா, புள்ளியையும் விடாமல் படிக்கும் மென்பொருளின் தட்டையான குரல் எழுந்தது.

"அண்ணா கமா நேர்ல சொல்ல வாய் வரல புள்ளி அதான் எழுதறேன் புள்ளி."

மேலாளர் தன் திரையைப் பார்த்தார். "நான் எதுவும் போடலையே."

"பெரியவளுக்குப் பரீட்சை வருது புள்ளி சின்னவன் அவளைப் படிக்க விடமாட்டேங்கறான் புள்ளி வீட்ல இடம் பத்தல புள்ளி."

அவளுக்கு உடனே புரிந்தது. காது சார் வழக்கமாக மூன்று மடங்கு வேகத்தில் கேட்பார். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாலும் வண்டு பறப்பதுபோல்தான் இருக்கும், ஒரு சொல் பிடிபடாது. அதே வேகத்தில் வந்திருந்தால் அறையில் இருந்த நாலு பேருக்கும் ஒன்றும் விளங்கியிருக்காது. ஆனால் இது நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக வந்தது. வீட்டிலிருந்து வரும் கடிதத்துக்கு மட்டும் அவர் வேகத்தைக் குறைத்துக்கொள்வார் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

கண்ணாடிச் சுவர் வழியாக அவர் தெரிந்தார். ஒரு கை ஹெட்போனின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு கையால் பன்னிரண்டாம் விசையைத் தட்டினார். விரல் பட்டைமேல் ஊர்ந்தது. அங்கே என்ன எழும்பியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். காலையில் நிரல் திறந்தபோது எடுத்துவைத்த பதில், ‘ஹெட்போன்’. காதில் ஒன்றும் விழவில்லை என்றாலும் விரல் சொன்னதை அவர் நம்பினார். சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினார்.

"உன் ரூமை அவளுக்குக் குடுத்துடலாம்னு நாங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டோம் புள்ளி நீ தப்பா எடுத்துக்கக் கூடாது புள்ளி ஞாயித்துக்கிழமைக்குள்ள உன் சாமானையெல்லாம்"

அங்கே மேலாளர் ஸ்பீக்கரை அணைத்தார்; பேச்சு காது சாரின் ஹெட்போனுக்கே திரும்பியது. அவள் கை மேசைக்கு அடியில் இருந்தது. ஸ்பீக்கர் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. முதல் வாக்கியத்திலேயே அவள் அணைத்திருக்கலாம். ஏன் செய்யவில்லை என்று பிறகு எத்தனையோ முறை தன்னையே கேட்டுக்கொண்டாள். கேட்கவேண்டும் என்று ஆசைப்பட்டாள், வேறு பதில் கிடைக்கவில்லை.

"யாரும் எதுவும் கேக்கல. சரியா?" என்றார் மேலாளர். நாலு பேரும் தலையாட்டினார்கள். நல்ல எண்ணத்தில்தான் ஆட்டினார்கள்.

அடுத்த நாளிலிருந்து அந்த நாலு பேரும் காது சாரைத் தாங்கு தாங்கென்று தாங்கினார்கள். ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். ஒருவர் டீயைக் கையில் கொண்டுவந்து கொடுத்தார். மேலாளர் சாயங்காலம் தன் வண்டியில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார்.

"என்ன எல்லாரும் திடீர்னு என்னைப் புதுமாப்பிள்ளை மாதிரி கவனிக்கிறீங்க?" என்றார் காது சார். "எனக்குத் தெரியாம எனக்கு ஏதாவது ஆயிடுச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் மூச்சை வைத்து ஆளைக் கண்டுபிடித்தவர் அவர். யாருக்கு இந்தச் சிரிப்பு அரை நொடி தாமதமாக வந்தது என்பதை எண்ணியிருப்பார்.

சனிக்கிழமை தனியாக அலுவலகம் வந்திருக்கிறார். திங்கட்கிழமை காலை அவள் பெயருக்கு ஒரு டிக்கெட் காத்திருந்தது. நிரலில் கண்ட குறையை எழுதி, திருத்தவேண்டியவருக்கு அனுப்பும் பதிவுதான் அங்கே டிக்கெட். எப்போதும்போல் உப்பு புளி சேர்க்காமல் எழுதியிருந்தார். ‘ஹெட்போனை மாட்டவும். நிரலைத் திறக்கவும். கூட்ட அறை ஸ்பீக்கரை வேறொருவர் முடுக்கவும். ஏதேனும் கடிதத்தைத் திறக்கவும். பன்னிரண்டாம் விசையைத் தட்டவும். வரவேண்டிய பதில்: ஸ்பீக்கர். வரும் பதில்: ஹெட்போன்.’

அவள் செய்து பார்க்க இரண்டு நிமிடம் போதும். செய்து பார்க்கத் தேவையே இல்லை, அவள் கண்ணால் கண்டது. ஆனால் ‘ஆமாம், இப்படி நடக்கிறது’ என்று எழுதினால், இப்படி நடந்தது என்றும் ஆகும். நடந்ததை யார் கேட்டார்கள் என்ற கேள்வி அடுத்து வரும். அவளுடைய நிரல் அவருடைய விரலுக்குப் பொய் சொன்னது என்பதும் வரும். அரை நாள் கழித்து, ‘சோதித்தேன், திரும்ப நிகழவில்லை’ என்று எழுதி மூடினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள்.

சாயங்காலம் அவர் கைத்தடியோடு அவள் மேசைக்கு வந்தார்.

"டிரைவரம்மா, வரலையா?"

"வரல சார்."

"நல்லா பாத்தீங்களா?"

"பாத்தேன் சார்."

"சரி. பாக்கத் தெரிஞ்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

மறுநாள் டிக்கெட் மறுபடியும் திறந்திருந்தது. காரணம் என்று ஒரு சொல் சேர்க்கவில்லை. அவள் தொடவில்லை. கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது.

இரண்டு வாரம் கழித்து, அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்துவிட்டதாகச் சொன்னார். "பஸ் அலைச்சல் இல்ல பாருங்க." கடிதத்தைக் கேட்ட நாலு பேரும் ஒன்றும் அறியாதவர்கள்போல, "நல்லதாப் போச்சு சார்," என்றார்கள். அவர் போன பிறகு ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார். "வளர்த்த கடா மார்பில் பாயும்னு சும்மாவா சொன்னாங்க." அவளும் ஆமாம் என்றாள். யாரும் பார்த்திராத அந்தத் தம்பிக்கு அன்று நாலு பேருமாகத் தீர்ப்பு எழுதி முடித்தார்கள்.

அவர் இறப்பதற்கு எட்டு நாள் முன்பு, மத்தியானம், படிக்கட்டுப் பக்கம் அவள் டீ குடித்துக்கொண்டிருந்தாள். அவர் வந்து கைப்பிடிச் சுவரைத் தொட்டு நின்றார். சுற்றி வளைக்கவில்லை.

"அன்னிக்கு எதுவரைக்கும் கேட்டீங்க?"

"எதை சார்?"

மாடியிலிருந்து யாரோ இறங்கிப் போனார்கள். காலடிச் சத்தம் அடங்கும்வரை அவர் காத்திருந்தார்.

"யாரையும் குத்தம் சொல்ல வரல. எந்த இடத்துல நின்னுதுன்னு மட்டும் தெரிஞ்சா போதும். எனக்குப் பாதியிலேர்ந்துதான் காதுல விழுந்துது."

"நீங்க என்ன சொல்றீங்கன்னு எனக்குப் புரியல சார்."

"புரியலைன்னா விடுங்க," என்றார். அதற்குப் பிறகும் எட்டு நாள் அவளிடம் எப்போதும்போல்தான் பேசினார். டிரைவரம்மா என்று மட்டும் கூப்பிடவில்லை.

செய்தி வந்த அன்று மத்தியானம் எல்லோரும் தம்பி வீட்டுக்குப் போனார்கள். தம்பி வாசலில் நின்று ஒவ்வொருவர் கையையும் பிடித்தார். கடிதத்தைக் கேட்டவர்கள் கையைக் கொடுத்தார்கள், முகத்தைக் கொடுக்கவில்லை. மேலாளர் ஒரு ஓரமாகப் போய் நின்றுகொண்டார். உள்ளே பெரியவள் பாடப்புத்தகம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, அது அங்கே இருப்பதே தெரியாமல் அழுதுகொண்டிருந்தாள்.

ஐந்து நாள் கழித்து தம்பி அண்ணனுடைய பொருட்களை எடுத்துப்போக அலுவலகம் வந்தார். ஹெட்போன், பிரெய்ல் பட்டை, ஒரு கம்பளிச் சட்டை. மேலாளருக்குத் திடீரென்று அவசர வேலை முளைத்தது. அட்டைப்பெட்டியில் எடுத்துவைக்க அவள்தான் உதவினாள். உட்காருங்கள் என்றுகூட யாரும் சொல்லவில்லை.

"ஒண்ணு கேக்கலாமா மேடம்?" என்றார் தம்பி. "அன்னிக்கு வீட்லயும் பாத்தேன், இன்னிக்கும் பாக்கறேன். எல்லாரும் என்னை ஒரு மாதிரி பாக்கறீங்க. அண்ணன் என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

"ஒரு வார்த்தை தப்பா சொன்னதில்ல."

"அப்புறம் ஏன்?"

அவள் கையில் பட்டையின் கம்பி இருந்தது. அதைச் சுற்றிக்கொண்டே சொல்லிவிட்டாள். ஸ்பீக்கர், கடிதம், கண்ணாடிச் சுவர், மூடிய டிக்கெட், படிக்கட்டு. மூன்று மாதமாகச் சொல்லவேண்டியவரிடம் சொல்லாததை, அவர் போன பிறகு அவர் தம்பியிடம் ஒரு மூச்சில் கொட்டினாள்.

தம்பி கம்பளிச் சட்டையைப் பெட்டிக்குள் வைத்தார். "எதுல நின்னுது?"

"ஞாயித்துக்கிழமைக்குள்ள உன் சாமானையெல்லாம்..."

அவர் கைப்பேசியை எடுத்தார். அந்தக் கடிதத்தைத் தேடினார். திரையை அவள் பக்கம் திருப்பினார். அடுத்த வரி இப்படி இருந்தது: ‘எங்க ரூமுக்கு மாத்திடறேன். ஜன்னல் பக்கம் உனக்கு. நானும் அவளும் ஹால்ல படுத்துக்கறோம். பாத்ரூம் உனக்குப் பத்து அடிதான் வரும், எண்ணிப் பாத்துட்டேன்.’

அவள் இரண்டு முறை படித்தாள்.

"சண்டை போட்டாரு," என்றார் தம்பி. "‘கட்டின பொண்டாட்டியைக் கூடத்துல படுக்க வச்சுட்டு எனக்கு ஜன்னல் என்னடா ஜன்னல்’னு. பரீட்சை முடியறவரைக்கும் வெளியில ரூம் எடுத்துக்கறேன்னாரு. நாங்க எவ்வளவோ சொன்னோம், கேக்கல. அடுத்த வாரம் பரீட்சை முடியுது. ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வர்றதா இருந்தேன்."

படிக்கட்டில் அவர் எதற்காகக் கேட்டார் என்பது அப்போதுதான் அவளுக்குப் பிடிபட்டது. தன் மானத்துக்காகக் கேட்கவில்லை. பாதியில் நின்றிருந்தால் தம்பி கெட்டவனாகியிருப்பான்; மீதியைத் தானே சொல்லிவிடலாம் என்று நினைத்திருக்கிறார். அதற்கு, கேட்டோம் என்று ஒருத்தராவது ஒப்புக்கொள்ளவேண்டும். ஒருத்தரிடம்தான் கேட்டார்.

தம்பி பெட்டியைத் தூக்கிக்கொண்டார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தாள், கோபிக்கவில்லை. "அவர்கிட்ட சொல்லியிருக்கலாம் மேடம். சிரிச்சிருப்பாரு," என்றார். திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அவள் மற்ற மூவரையும் கூட்ட அறைக்குக் கூப்பிட்டு, விட்டுப்போன வரிகளைச் சொன்னாள். மேலாளர் மேசையிலிருந்த ஸ்பீக்கரை எடுத்து, காரணமில்லாமல் அலமாரிக்குள் வைத்தார். வளர்த்த கடா என்றவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அன்று மத்தியானமே அவள் டிக்கெட்டைத் திறந்தாள். ‘திரும்ப நிகழவில்லை’ என்ற தன் வரியை அழிக்கவில்லை. அதற்குக் கீழே, ‘நிகழ்ந்தது. நான் அறையில் இருந்தேன்’ என்று எழுதினாள். திருத்தத்துக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று. டிரைவர் மாறியதும் கணினியின் இயங்குதளமே வந்து சொல்லும்படி ஓர் ஏற்பாடு முன்பே இருந்தது. அதைக் கேட்டுக்கொள்ள மட்டும் அவள் நிரலுக்குக் கற்றுத்தரவேண்டியிருந்தது. விக்கலும் வரவில்லை. கடிதத்தைத் திறந்து, நடுவில் ஸ்பீக்கரை முடுக்கினாள். பேச்சு தானாக நின்றது, ‘ஒலி இப்போது ஸ்பீக்கர் வழியாக’ என்று பதில் வந்தது. பதினைந்து முறை செய்து பார்த்தாள். பதினைந்து முறையும் உண்மை வந்தது.

புதிய பதிப்பு போன வாரம் வெளியே போயிற்று. ஒவ்வொரு விசைக்கும் அது என்ன செய்யும் என்று சொல்லும் உதவி வாக்கியம் ஒன்று உண்டு. அதையெல்லாம் காது சார்தான் எழுதுவார், ஐந்து சொல்லுக்கு மேல் போகாமல். பன்னிரண்டாம் விசையின் வாக்கியத்தை மாற்றவேண்டும். அவள் நாலு விதமாக எழுதிப் பார்த்தாள், எல்லாம் நீளம். அந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறது.